வெட்டிய அட்டை

ஊக்கமருந்து விஷயத்தில் என் கொள்கை மிகவும் சின்னது. உடம்புக்குள் போனதற்கு ஆட்டக்காரன்தான் பொறுப்பு. மாட்டினால் இரண்டு வருஷம் தடை, அதில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. இதை ரயில்வே கால்பந்து அணியின் ரசிகர் சங்கத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கைபேசியில் எங்கள் பச்சைச் சட்டைக் குழுவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கடைக்கு மருந்து வாங்க வந்தவர்களையும் விட்டு வைத்ததில்லை. இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர் என் பேச்சைக் கேட்டு இருமலையே மறந்து போனதுண்டு.

ஆமாம், நான் மருந்துக்கடைக்காரி. முறையாகப் படித்து, உரிமம் வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து அறையில் என் கணவர் தையல் மெஷின் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு கதவு, அது மூடியதே இல்லை. பந்து உருண்டையா சதுரமா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. நாற்பத்தாறு வயதிலும் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவளைக் கட்டிக்கொண்டாரே என்று அக்கம்பக்கத்தில் அவரைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவரோ, நான் மைதானத்துக்குப் போகிற நாளில்தான் ஒரு சட்டையாவது ஒழுங்காகத் தைக்க முடிகிறது என்பார்.

என் கோபம் சும்மா வந்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் டிவிஷனில் பெரிய கிளப் ஒன்றின் நட்சத்திர ஆட்டக்காரன் சோதனையில் மாட்டினான். மூன்று வக்கீல், இரண்டு டாக்டர், கட்டுக்கட்டாகக் காகிதம். 'தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன்' என்றான். மூன்று மாதம் தடை. அந்த மூன்று மாதமும் சொல்லி வைத்தாற்போல் லீக் இல்லாத காலத்தில் விழுந்தது. பையன் கடற்கரையில் படுத்துக்கொண்டு படம் போட்டான். 'இதற்குப் பெயர் தடை இல்லை, விடுமுறை' என்று நான் எழுதினேன். ஊரெல்லாம் அதைப் பகிர்ந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான்.

அதே வருஷம் எங்கள் சிட்டும் மாட்டினான். இடது ஓரத்தில் அவன் பந்தோடு ஓடினால் எதிரணிக்காரன் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பான். அப்படி ஒரு வேகம், அதனால்தான் அந்தப் பெயர். இருமல் மருந்து குடித்தேன் என்றான். எங்கள் கிளப்புக்கு வக்கீல் இல்லை. இருந்ததெல்லாம் பகுதி நேரக் குமாஸ்தா ஒருவர்தான். இரண்டு வருஷம் போட்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. திரும்பி வந்தபோது கால் பழைய கால் இல்லை, எந்தக் கிளப்பும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது மருந்து மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டுகிறான். செவ்வாயும் வெள்ளியும் என் கடைக்குப் பெட்டி இறக்குவான்.

அவனுக்காக விசாரணைக் குழுவிடம் போய்ப் பேசலாமா என்று அன்றைக்குச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். எழுந்து நின்று வேண்டாம் என்றவள் நான். "பெரிய கிளப் செய்யறதையே நாமளும் செஞ்சா, அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? விதின்னா எல்லாருக்கும் விதி!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரும் போகவில்லை. சிட்டு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்டியை இறக்குவான், கையெழுத்து வாங்குவான், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பான், போவான். என் நேர்மையை மதிக்கிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். இரண்டாம் டிவிஷனில் நாங்களும் மில் அணியும் ஒரே புள்ளியில் இருந்தோம். கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு பேருக்கும். ஜெயித்தவர்கள் முதல் டிவிஷனுக்குப் போவார்கள். நாங்கள் அங்கிருந்து இறங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்னால் மில் அணியின் நெட்டையன் சோதனையில் மாட்டினான்.

நெட்டையன் அவர்களுடைய நடுத் தடுப்பாளன். மேலே வருகிற பந்தெல்லாம் அவன் தலைக்குத்தான் போகும். மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து ஒன்று அளவுக்கு மேல் அவன் சிறுநீரில் இருந்தது. ஆட்ட நாளில் அது கூடாது. உடனே தற்காலிகத் தடை. அவன் சொன்ன சமாதானம் இதுதான்: சளி பிடித்திருந்தது, அணி டாக்டர் ஆபத்தில்லாத மாத்திரை ஒன்றின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கினேன், எந்தக் கடை என்று நினைவில்லை, ரசீதும் இல்லை, அவர்கள் கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன்.

நான் சும்மா இருப்பேனா? 'டாக்டர் சீட்டு, அக்கா வீடு, பக்கத்துக் கடை. கதையில் பாட்டு மட்டும்தான் குறைகிறது' என்று எழுதினேன். இரண்டு வருஷம், ஒரு நாளும் குறையக் கூடாது என்று முடித்தேன்.

அந்த அக்கா வீடு எங்கள் பகுதியில்தான் இருந்தது. மில் அணியிலிருந்து ஒருவர் எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் விசாரித்துக்கொண்டு வந்தார். என் கடைக்கும் வந்து சீட்டின் நகலைக் காட்டினார். நான் கணினியில் பார்த்தேன். அந்தப் பெயருள்ள மாத்திரை அந்த வாரம் முழுக்க என்னிடம் இருப்பே இல்லை. "எங்ககிட்ட வாங்கலைங்க. இருந்தாத்தானே விப்பேன்?" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை அழுத்திச் சொல்வேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை விசாரணை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதற்கு முந்தைய செவ்வாய் காலையில் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. நெட்டையன் தன் உள்ளங்கையில் ஒரு மாத்திரை அட்டைத் துண்டை வைத்துக் காட்டுகிறான். ஆறு குழி, ஆறும் காலி. பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதியும் இல்லை. கீழே வெட்டிய ஓரம் மட்டும் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து இருந்தது. பெயர் இல்லாத தகரத்தைக் காட்டி யாரை ஏமாற்றப் பார்க்கிறான் என்று குழுவில் ஒரே சிரிப்பு. நானும் என் பங்குக்கு, 'மில் அணியில் மாத்திரை வெட்டக்கூடத் தையல்காரர் வைத்திருக்கிறார்கள்' என்று போட்டேன். போட்ட கையோடு என் கணவரிடமும் படத்தைக் காட்டினேன், அவரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று.

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது என் கத்தரி," என்றார்.

"என்னது?"

"என் பல் கத்தரி. துணி ஓரம் பிரியாம வெட்ட வெச்சிருக்கேனே, அது. ஒரு பல்லு மழுங்கிப் போயிருக்கு. பாரு, இந்த எடத்துல வளைவு இல்லாம தட்டையா இருக்கு. எட்டு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

கடையில் முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. நாலு கொடுங்கள், ஆறு கொடுங்கள் என்பார்கள். நாங்கள் வெட்டிக் கொடுப்போம். மீதியை ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்போம். இரண்டு மாதமாக என் கத்தரியைக் காணவில்லை. கதவு வழியாகக் கையை நீட்டி இவருடைய கத்தரியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். துணி வெட்டுகிற கத்தரியில் தகரம் வெட்டாதே என்று இவர் தினமும் கத்துவார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

டப்பாவைக் கவுண்டரில் கொட்டினேன். நாலு மாத்திரையோடு ஒரு துண்டு கிடைத்தது. ஓரத்தில் அதே வளைவுகள், அதே தட்டை. பெயர் முழுதாக இருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரை இல்லை. அதற்குப் பதிலாக வேறு கம்பெனி போடுவது. பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. அந்த வார்த்தை இருந்தால் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது முதல் வருஷப் பாடம்.

இப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மாலை நெரிசல். தொப்பியும் முகமூடியும் போட்ட நெடுநெடுவென்ற ஒருவன் வாசல் தகரக் கூரையில் தலையை இடித்துக்கொண்டு நின்றான். சீட்டை நீட்டினான். நான் அலமாரியைப் பார்த்து, "அந்தப் பேரு இல்லப்பா. அதேதான், வேற கம்பெனி, தரட்டுமா?" என்றேன். "அதேதானே?" என்று ஒருமுறை கேட்டான். "அதேதான்," என்றேன். நாளுக்கு ஐம்பது முறை சொல்கிற வார்த்தை அது. ஆறு மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். பெயர் என் பக்கத்துத் துண்டிலேயே தங்கிவிட்டது. அவன் படித்துப் பார்க்க நினைத்திருந்தாலும் அவன் கையில் எழுத்தே இல்லை.

என் கணவர் கத்தரியை எடுத்து அதன் பல்லைத் துணியால் துடைத்தார். "கத்தரி என்னுது. வெட்டுனது நீ," என்றார். அவர் அப்படித்தான், குத்துகிறதையும் மெதுவாகக் குத்துவார்.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. போட்டால் யாருக்கும் தெரியாது. நெட்டையன் இல்லாத மில் அணியை எங்கள் பையன்கள் ஜெயித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷம். போடாவிட்டால் குழுவில் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? என் உரிமம் என்ன ஆகும்? இன்னொரு பக்கம், நெட்டையனுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு வருஷம் என்றால் அவனுக்கு அதோடு ஆட்டம் முடிந்தது. நான் பயந்தேன். அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

பத்து மணிக்குச் சிட்டு பெட்டிகளோடு வந்தான். யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. துண்டையும் பத்திரிகைப் படத்தையும் பக்கத்தில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் பெட்டியைக் கீழே வைக்காமலேயே கேட்டான்.

"நீ சொல்லு தம்பி. நான் போகவா, வேண்டாமா?"

"என்கிட்ட ஏன்க்கா கேக்கறீங்க?"

"உனக்கு ரெண்டு வருஷம் முழுசாப் போச்சே. இப்ப அவனுக்கு மட்டும் கொறைஞ்சா அது நியாயமா?"

அவன் பெட்டியை இறக்கி வைத்தான். "என் கையில பாட்டிலே இருந்துச்சுக்கா. கடை பேரு, தேதி எல்லாம் அதுல இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு தனியாப் போனேன். கடைக்காரர் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாங்க. கடையை மூடிருவாங்கன்னு அவரு வரல. நம்ம சங்கத்துலேர்ந்தும் யாரும் வரல." என்னை நேராகப் பார்த்தான். "நெட்டையனுக்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எனக்கு அவ்ளோ பெரிய மனசு இல்ல. போறதும் போகாததும் உங்க பாடு."

தண்ணீர் குடிக்கவில்லை. கையெழுத்துகூட வாங்காமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷமாக அவன் மனசில் வைத்திருந்தது மரியாதை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வங்கிக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. மேசைக்குப் பின்னால் குழுவினர் மூன்று பேர், ஓரத்தில் நெட்டையனும் அவன் அக்காவும். தலைவியாக இருந்த அம்மாள் ஓய்வு பெற்ற நீதிபதி. என் துண்டை வாங்கி நெட்டையனின் துண்டோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. நெட்டையன் குனிந்து அந்தப் பெயரை முதல் முறையாகப் படித்தான்.

"ஏற்கெனவே உங்ககிட்ட விசாரிச்சப்ப இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே?" என்றார் தலைவி.

"அவங்க காட்டுன பேரு இல்லைன்னு சொன்னேம்மா. பதிலுக்கு என்ன குடுத்தேன்னு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

"நீங்க ரயில்வே ரசிகைன்னு கேள்விப்பட்டோம்."

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை இவரு ஆடக் கூடாதுன்னுதான் எனக்கு இப்பவும் ஆசை."

மேசைக்குப் பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இரண்டு வருஷம்தான் வேண்டும் என்று நான் எழுதியதையும் அவர்கள் அச்செடுத்து வைத்திருந்தார்கள். இன்னமும் அதே கருத்துதானா என்று கேட்டார்கள்.

"ஆட்டக்காரன் பொறுப்புங்கறதை இப்பவும் விட மாட்டேன். பேரில்லாத மாத்திரையை இவரு வாயில போட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டாரு. அதேதானேன்னு கேட்டாரு. அதேதான்னு சொன்னது நான். அந்தப் பங்கை இவரு தலையில கட்டாதீங்க." பிறகு யாரும் கேட்காமலே ஒன்று சொன்னேன். "அஞ்சு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு பையன் கையில பாட்டிலோட இங்க வந்தான். அவன்கூட யாரும் வரல. வர வேண்டாம்னு எங்க ஆளுங்களத் தடுத்தவ நான். அதையும் எழுதிக்கோங்க."

பழைய தீர்ப்பை இப்போது தொட முடியாது என்றார் தலைவி. ஆனால் எழுதிக்கொண்டார்.

நெட்டையனுக்குக் கழிந்த ஆறு வாரமே தண்டனை, கூடவே எச்சரிக்கை என்று முடிந்தது. படிக்கட்டில் அவன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நெட்டையன் ஒரு படி கீழே நின்றான். "சளி போயிடுச்சா?" என்று கேட்டேன். "போயிடுச்சுங்க," என்றான்.

பச்சைச் சட்டைக் குழுவிலிருந்து அன்று மாலையே என்னை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். சந்தா கட்டிய இருக்கை, யார் தடுப்பது? இரண்டு பக்கத்து இருக்கைகளும் காலியாகவே இருந்தன. எங்கள் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். மேலே போட்ட பந்தெல்லாம் நெட்டையன் தலைக்கே போயிற்று. எழுபதாவது நிமிஷம் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், அவ்வளவுதான். நான் அழுதேன். நியாயம் ஜெயித்தது என்றெல்லாம் ஆனந்தக் கண்ணீர் விடவில்லை. தோற்றதற்குத்தான் அழுதேன். இன்னும் ஒரு வருஷம் இந்த இரண்டாம் டிவிஷனில் உழல வேண்டும்.

அடுத்த வாரம் மருந்து ஆய்வாளர் வந்தார். பண்பான மனிதர். தகர டப்பாவைப் பார்த்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், சுவரிலிருந்த உரிமத்தைக் கழற்றச் சொன்னார். சீட்டில் இல்லாத மருந்தைக் கலவை பார்க்காமல் மாற்றிக் கொடுத்ததற்காக உரிமம் நிறுத்திவைப்பு. எவ்வளவு காலம் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதம்.

வெள்ளிக்கிழமை சிட்டு பெட்டிகளோடு வந்தான். கதவில் பாதி இறங்கிய ஷட்டரையும் ஒட்டியிருந்த காகிதத்தையும் பார்த்தான். நான் உள்ளே தரையில் உட்கார்ந்து டப்பாவில் மிச்சமிருந்த வெட்டுத் துண்டுகளைப் பெயர் உள்ளது, இல்லாதது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மூணு மாசமாக்கா?"

"மூணு மாசம். விடுமுறைன்னு எழுதுனேனே, ஞாபகம் இருக்கா?"

"அப்பீல் பண்ணலாமே?"

"ஒரு நாள் கொறையக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்?" கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தேன். "தம்பி, அன்னைக்கு சங்கத்துல நான் பேசுனது..."

"எனக்கு மனப்பாடம்க்கா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

"தப்புப் பண்ணிட்டேன். உன்கூட நாங்க வந்திருக்கணும்."

என் கணவர் நடுக்கதவு வழியாக வந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார். சிட்டு அதை மெதுவாகக் குடித்து முடித்தான்.

"அன்னைக்கு செவ்வாக்கிழமை அந்தத் துண்டை என்கிட்ட காட்டினீங்க," என்றான். "உங்க காலுக்குப் பக்கத்துலயே குப்பைக்கூடை இருந்துச்சு. நானும் கோவமாப் பேசிட்டுப் போனேன். அப்பவும் நீங்க அதுல போடல. இதை வேற யாரும் பாக்கல, நான்தான் பாத்தேன்."

"அதுக்கு?"

"அப்பீலுக்கு எழுதிப் போடுங்க. என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க. லீவு போட்டுட்டு நான் வந்து சொல்றேன்."

மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல் என்னுடையது. அன்றைக்கு ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.